துபாயில ஃபிளாட் வாங்கினோம்: ரெஜிஸ்ட்ரேஷனுக்கு முழு மார்க், அதுக்கு முன்னாடி நடக்கறதுக்கு பாதி மார்க்

முதல்லயே சொல்லிடறேன், இது எந்த பில்டரோட ரிவ்யூவும் இல்ல, எந்த பில்டிங்கோட ரிவ்யூவும் இல்ல. இந்தியன் பாஸ்போர்ட் வச்சிருக்கற ஒரு ஆள் துபாயில சொந்தமா ஒரு ஃபிளாட் வாங்கணும்னு இறங்கினா, ஆரம்பத்துல இருந்து சாவி கைக்கு வர்ற வரைக்கும் என்னென்ன நடக்குது, எது நல்லா இருக்கு, எங்க காசு கரையுது, யார் சொல்றத நம்பலாம், அந்த மொத்த ப்ராசஸுக்கான ரிவ்யூ. ப்ரோக்கர் பேரு, பேங்க் பேரு, நாங்க வாங்கின ஏரியா பேரு எதுவும் எழுதல, கேக்கவும் வேணாம். நான் சொல்லப்போறது எந்த பேங்க் போனாலும் எந்த ப்ரோக்கர் வந்தாலும் பொருந்தும்.

நாங்க ரொம்ப வருஷமா கிசைஸ்ல வாடகைக்கு இருந்தவங்க. வருஷா வருஷம் நாலு செக் எழுதிக் குடுத்து, ரினியூவல் நேரத்துல வீட்டு ஓனர் எவ்வளவு ஏத்துவாரோன்னு பயந்து, பசங்க ஸ்கூலுக்காக அதே ஏரியாவுலயே ஒட்டிக்கிட்டு இருந்தோம். வாங்கலாம்னு முடிவு பண்ணி ஊருக்கு ஃபோன் பண்ணி சொன்னப்போ மாமனார் கேட்ட முதல் கேள்வி, "ஏம்மா, நம்ம ஊர்ல ஒரு கிரவுண்டு வாங்கிப் போடறத விட்டுட்டு அந்நிய தேசத்துல போய் காச கொட்டணுமா, நாளைக்கு அந்த கவர்மென்ட் கிளம்புன்னு சொன்னா வீட்ட தலையில வச்சுக்கிட்டா வருவீங்க?" நியாயமான கேள்விதான். "மாமா, கிளம்பச் சொன்னாலும் வீடு நம்ம பேர்லதான் இருக்கும், வாடகைக்கு விடலாம், விக்கலாம், விசா வேற வீடு வேற"ன்னு சொன்னேன். ஆனா அத வாய்ல சொன்னா பத்தாதுன்னு சட்டத்துல என்ன இருக்குன்னு உக்காந்து படிச்சேன்.

படிச்சதுல புரிஞ்சது இதுதான். வெளிநாட்டுக்காரங்க இங்க வீடு வாங்கலாம்ங்கற பேச்சு 2002ல ஆரம்பிச்சது, அது முறையா சட்டத்துக்குள்ள வந்தது 2006ஆம் வருஷத்து 7ஆம் நம்பர் சட்டத்துல. யுஏஇ, ஜிசிசி (வளைகுடா கூட்டமைப்பு) நாட்டுக்காரங்க எங்க வேணாலும் வாங்கலாம், மத்தவங்க அரசாங்கம் குறிச்சுக் குடுத்த ஏரியாவுல மட்டும்தான். மெரினா, டவுன்டவுன், ஜேவிசி, இன்டர்நேஷனல் சிட்டி, டிஸ்கவரி கார்டன்ஸ், சிலிக்கான் ஒயாசிஸ் எல்லாம் அந்த லிஸ்ட்ல வரும். நம்ம ஆளுங்க அதிகமா இருக்கற கராமா, கிசைஸ் மாதிரி பழைய ஏரியாவுல பெரும்பாலும் நமக்கு வாங்க வழியில்ல. அதனால வாங்கணும்னு முடிவு பண்ணும்போதே ஸ்கூல், கோயில், மளிகைக்கடை எல்லாத்துல இருந்தும் கொஞ்சம் தள்ளிப் போகணும்ங்கறதுக்கு மனச தயார் பண்ணிக்கணும், எங்களுக்கு இதுதான் ரொம்ப நாள் இழுத்துச்சு. இன்னொண்ணு, ஃப்ரீஹோல்டா (நிரந்தரமா முழு சொந்தம்) லீஸ்ஹோல்டான்னு (குறிச்ச வருஷத்துக்கு மட்டும் உரிமை) கேட்டுடுங்க. 99 வருஷ லீஸ்னா அது வேற பொருள், விலை குறைவா தெரிஞ்சா முதல்ல இத பாருங்க.

சரி, காசு விஷயத்துக்கு வர்றேன், இங்கதான் நிறைய பேர் மாட்டறாங்க. விளம்பரத்துல போட்டிருக்கற விலை வேற, உங்க கையில இருந்து போற காசு வேற. 10 லட்சம் திர்ஹாம் ஃபிளாட்டுன்னு வச்சுக்குங்க. லேண்ட் டிபார்ட்மென்ட் ஃபீஸ் 4%, அதாவது 40,000. இத வாங்கறவரும் விக்கறவரும் பாதி பாதி போட்டுக்கணும்னுதான் விதி, ஆனா நடைமுறையில முழுசும் வாங்கறவர் தலையில தான் விழுது, பேரம் பேசிப் பாத்தோம், யாரும் அசையல. ப்ரோக்கருக்கு 2%, அதுக்கு மேல 5% வாட், அது 21,000. பத்திரம் பதியற ட்ரஸ்டி ஆஃபீஸ் ஃபீஸ் 5 லட்சத்துக்கு மேல உள்ள வீட்டுக்கு 4,000 ப்ளஸ் வாட், அது 4,200. டைட்டில் டீட், அதாவது உரிமைப் பத்திரம், 580. லோன் போட்டா அந்த லோன் தொகைல 0.25% மார்ட்கேஜ் ரெஜிஸ்ட்ரேஷன், ப்ளஸ் 290. 8 லட்சம் லோன்னா அது 2,290. இதுவே 68,000ஐ தாண்டிடுச்சு, இன்னும் பேங்க் ப்ராசஸிங் ஃபீஸ், வேல்யுவேஷன் ஃபீஸ், இன்ஷூரன்ஸ் எல்லாம் இருக்கு. எல்லாம் சேத்து விலைக்கு மேல 7ல இருந்து 8% வரைக்கும் எடுத்து வச்சுக்கணும். டவுன் பேமென்ட் 20% ப்ளஸ் இது, ஆக 10 லட்சம் வீட்டுக்கு 2,80,000 திர்ஹாம் ரொக்கமா இல்லாம இறங்காதீங்க. முன்னாடி சில பேங்க்ல இந்த 4%ஐயும் ப்ரோக்கர் கமிஷனையும் லோன்ல சேத்துக் குடுத்துட்டு இருந்தாங்க, 2025 பிப்ரவரியில இருந்து சென்ட்ரல் பேங்க் அத நிறுத்திடுச்சு. பழைய வீடியோவ பாத்துட்டு கணக்கு போடறவங்க இத கவனிங்க, ப்ளீஸ். ஆனா நம்ம ஊரோட ஒப்பிட்டுப் பாத்தா தமிழ்நாட்டுல பொதுவா முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2ன்னு 9% போகுது, அந்த வகையில இது பரவாயில்ல. அதோட இங்க வருஷா வருஷம் சொத்து வரின்னு ஒண்ணு கிடையாது, வாடகைக்கு விட்டா அந்த வருமானத்துக்கு இங்க வரியும் கிடையாது. சர்வீஸ் சார்ஜ்னு ஒண்ணு இருக்கு, அத கீழ சொல்றேன்.

வீடு பாக்கறதுக்கு முன்னாடி பேங்க் ப்ரீ அப்ரூவல் வாங்கிடுங்க. வெளிநாட்டுக்காரங்களுக்கு முதல் வீடு, 50 லட்சம் திர்ஹாமுக்கு உள்ளன்னா விலைல 80% வரைக்கும் லோன் கிடைக்கும், 2020க்கு முன்னாடி அது 75%ஆ இருந்துச்சு. அதிகபட்சம் 25 வருஷம். உங்க எல்லா இஎம்ஐயும் சேத்து சம்பளத்துல பாதிய தாண்டக்கூடாது, இதுல கார் லோனும் வரும், க்ரெடிட் கார்டு லிமிட்ல ஒரு பங்கையும் கணக்குல எடுத்துக்குவாங்க. நீங்க கார்ட தேய்க்கவே இல்லனாலும் லிமிட் இருக்குன்னாலே போதும். எங்க வீட்டுக்காரரு ட்ராயர்ல சும்மா கிடந்த ரெண்டு கார்டயும் மூடினதுக்கு அப்புறம் எங்க எலிஜிபிலிட்டி நல்லாவே ஏறிச்சு, அதனால அப்ளை பண்றதுக்கு முன்னாடியே இத பண்ணிடுங்க, க்ளோஷர் லெட்டரும் கையோட வாங்கிடுங்க.

பேங்க்ல பேச வர்றவங்க எல்லாரும் முதல் மூணு வருஷ ஃபிக்ஸட் ரேட்ட பத்திதான் பேசுவாங்க, அது கேக்க நல்லா இருக்கும். நீங்க கேக்க வேண்டியது நாலாவது வருஷத்துல என்ன ஆகும்னு. அப்புறம் ஈபோர் (இங்க பேங்குங்க ஒண்ணுக்கொண்ணு கடன் குடுக்கற வட்டி ரேட்டு, ஏறி இறங்கும்) ப்ளஸ் ஒரு மார்ஜின்னு மாறும், அந்த மார்ஜின் எவ்வளவு, மினிமம் ரேட்னு ஏதாவது போட்டிருக்காங்களா, லைஃப் இன்ஷூரன்ஸ் மாசாமாசம் எவ்வளவு பிடிப்பாங்க, வெளிய நாமளா இன்ஷூரன்ஸ் எடுத்துக் குடுத்தா ஏத்துக்குவாங்களா. எங்களுக்கு வந்த ரெண்டு ஆஃபர்ல ரேட்டு குறைவா இருந்ததுதான் இன்ஷூரன்ஸையும் சேத்துப் பாத்தப்போ மாசத்துக்கு அதிகமா வந்துச்சு. முன்கூட்டியே லோன முடிச்சா பாக்கித் தொகைல 1% இல்லனா 10,000 திர்ஹாம், இதுல எது குறைவோ அதுக்கு மேல அபராதம் போடக்கூடாதுன்னு சென்ட்ரல் பேங்க் ரூல் இருக்கு, அது நமக்கு பெரிய ஆறுதல். பேங்க் பார்ட்டுக்கு நான் பாதி மார்க்தான் குடுப்பேன், காரணம் ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு பேப்பர் கேட்டாங்க, குடுத்த பேப்பரையே திரும்பக் கேட்டாங்க, எங்க கேஸ பாத்துட்டு இருந்த ஆள் நடுவுல வேற பிராஞ்சுக்குப் போயிட்டாரு, புதுசா வந்தவருக்கு எல்லாத்தையும் முதல்ல இருந்து சொல்ல வேண்டியதாயிடுச்சு. எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி ஒரே ஃபோல்டர்ல வச்சிருந்ததாலதான் நாங்க தப்பிச்சோம்.

ப்ரோக்கர். இவங்கள பத்தி நல்லதும் இருக்கு கெட்டதும் இருக்கு. இங்க ப்ரோக்கர் ஆகணும்னா ரேராவுல (ரியல் எஸ்டேட்ட கண்காணிக்கற அரசு அமைப்பு) பதிவு பண்ணி கார்டு வாங்கணும், விளம்பரம் போடணும்னா பர்மிட் நம்பர் வாங்கணும், அதுல ஒரு க்யூஆர் கோடு இருக்கும், ஸ்கேன் பண்ணா அந்த வீட்டோட விவரம் லேண்ட் டிபார்ட்மென்ட் பக்கத்துல இருந்தே வரும். நம்ம ஊர்ல ரேரா சட்டம் 2016ல வந்துச்சு, இங்க அதே பேர்ல ரேரா 2007லயே வந்தாச்சு. வீடு விக்கறவருக்கும் அவரோட ப்ரோக்கருக்கும் நடுவுல ஃபார்ம் ஏ, உங்களுக்கும் உங்க ப்ரோக்கருக்கும் நடுவுல ஃபார்ம் பி, விக்கறவருக்கும் உங்களுக்கும் நடுவுல ஃபார்ம் எஃப். எல்லாம் ஒரே மாதிரி அச்சடிச்ச ஃபார்ம், அவங்கவங்க இஷ்டத்துக்கு அக்ரிமென்ட் அடிச்சு நீட்ட முடியாது. இந்த ஏற்பாடு எனக்கு ரொம்ப பிடிச்சது. பிடிக்காதது என்னன்னா, பேப்பர்ல இவ்வளவு ஒழுங்கா இருக்கற ஊர்ல வாய்ப்பேச்சு அவ்வளவு தாராளமா ஓடுது.

உதாரணத்துக்கு ஒண்ணு. எங்களுக்கு ரொம்ப பிடிச்ச ஒரு ரெண்டு பெட்ரூம், காலைல வெயில் சமையலறைல விழற மாதிரி, பால்கனில துணி காயப்போட இடம், விலையும் எங்க பட்ஜெட். உள்ள ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்துச்சு. "மேடம், அவங்க ரெண்டு மாசத்துல காலி பண்ணிடுவாங்க, நான் பேசிட்டேன், நீங்க கவலையே படாதீங்க"ன்னு ப்ரோக்கர் சொன்னாரு. அந்த வீட்டு அம்மாகிட்ட தண்ணி கேக்கற சாக்குல நான் மெதுவா பேச்சுக் குடுத்தேன், அவங்களுக்கு காலி பண்ற நினைப்பே இல்ல, பொண்ணு பத்தாவது படிக்குது, இப்பதான் கான்ட்ராக்ட் ரினியூ பண்ணியிருக்காங்க. துபாய் வாடகைச் சட்டம் இந்த விஷயத்துல தெளிவா இருக்கு. 2007ஆம் வருஷத்து 26ஆம் நம்பர் சட்டம், 2008ல திருத்தினது. ஓனர் தான் குடியிருக்கணும்னு காலி பண்ணச் சொன்னாலும் நோட்டரி மூலமாவோ ரெஜிஸ்டர்டு தபால்லயோ 12 மாசம் முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும். அப்படி காலி பண்ண வச்ச வீட்ட ரெண்டு வருஷத்துக்கு வேற ஆளுக்கு வாடகைக்கு விடவும் கூடாது. வாட்ஸ்அப்ல சொன்னது, வாய்ல ஒத்துக்கிட்டது எதுவும் நிக்காது. நாங்க வாங்கியிருந்தா குறைஞ்சது ஒரு வருஷம் இங்க இஎம்ஐயும் கட்டி அங்க வாடகையும் கட்டிட்டு இருந்திருப்போம், வர்ற வாடகை எங்க இஎம்ஐக்கு பத்தாது. அத விட்டுட்டோம். அந்தக் குடும்பத்துக்கு இப்படி ஒரு பாதுகாப்பு இருக்கறதுல எனக்கு சந்தோஷம்தான், நாங்களும் இத்தனை வருஷம் வாடகைக்காரங்கதானே. நீங்க குடியிருக்க வாங்கறீங்கன்னா காலியா இருக்கற வீடா பாருங்க, இல்லனா நோட்டரி நோட்டீஸ் காப்பியும் அதுல இருக்கற தேதியும் கையில வாங்கிப் பாத்துட்டுப் பேசுங்க.

அடுத்து சில்லர். இத பத்தி யாருமே முன்கூட்டி சொல்ல மாட்டேங்கறாங்க, அதனால கொஞ்சம் விரிவாவே எழுதறேன். இங்க நிறைய பில்டிங்ல ஏசி உங்க வீட்டு கரண்ட்ல ஓடாது, ஒரு ஏரியாவுக்கே பொதுவா ஒரு ப்ளான்ட்ல இருந்து குளிர்ந்த தண்ணி பைப்ல வரும், அதுக்கு தனி கம்பெனி, தனி பில். அந்த பில்லுல ரெண்டு பகுதி இருக்கும். ஒண்ணு நீங்க ஓட்டற அளவுக்கு. இன்னொண்ணு டிமாண்ட் சார்ஜ், உங்க வீட்டுக்கு எவ்வளவு டன் ஒதுக்கியிருக்காங்களோ அதுக்கு, நீங்க ஏசிய போட்டாலும் போடலனாலும், வீட்ட பூட்டிட்டு ரெண்டு மாசம் ஊருக்குப் போனாலும் அது வரும். நாங்க கடைசியா வாங்கின வீட்டுக்கு பில் காட்டுங்கன்னு கேட்டப்போ ஓனர் பக்கத்துல இருந்து ஜனவரி பில்ல அனுப்பினாங்க, பாத்தா ரொம்ப கம்மியாதான் இருந்துச்சு. ஜூலை, ஆகஸ்ட் பில் வேணும்னு திரும்பக் கேட்டோம், இழுத்தாங்க, அது வராம சைன் பண்ண மாட்டோம்னு சொன்னதும் வந்துச்சு. ஜனவரி பில்லுக்கும் ஆகஸ்ட் பில்லுக்கும் நடுவுல இருந்த வித்தியாசத்துல எங்க ரெண்டு வார மளிகைச் செலவு அடங்கிடும். அத கையில வச்சுக்கிட்டுதான் விலைய பேசினோம், கொஞ்சம் குறைச்சாங்க. விளம்பரத்துல சில்லர் ஃப்ரீன்னு போட்டிருந்தா அது யாருக்கு ஃப்ரீ, குடியிருக்கறவருக்கா ஓனருக்கான்னு கேளுங்க, பல இடத்துல வாடகைக்காரருக்கு ஃப்ரீ, ஓனர் சர்வீஸ் சார்ஜ்ல அத கட்டிட்டு இருப்பாரு. வாங்கினதுக்கு அப்புறம் அந்த ஓனர் நீங்கதான்.

சர்வீஸ் சார்ஜ் சதுர அடிக்கு இவ்வளவுன்னு வருஷத்துக்கு. லிஃப்ட், செக்யூரிட்டி, ஸ்விம்மிங் பூல், பெயிண்ட், பில்டிங் இன்ஷூரன்ஸ் எல்லாம் அதுல வரும். சதுர அடிக்கு 15 திர்ஹாம்னா ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு வருஷம் 15,000, அதாவது மாசம் 1,250, இஎம்ஐக்கு மேல. பில்டிங்குக்கு பில்டிங் இது ரொம்ப மாறும். நல்ல விஷயம் என்னன்னா இந்த ரேட்ட பில்டிங்காரங்க இஷ்டத்துக்கு வைக்க முடியாது, ரேரா அப்ரூவ் பண்ணணும், அப்ரூவ் ஆன ரேட்ட லேண்ட் டிபார்ட்மென்ட் சைட்லயே பில்டிங் பேர போட்டுப் பாத்துக்கலாம். ப்ரோக்கர் சொன்ன நம்பரும் அதுல இருந்த நம்பரும் எங்களுக்கு ஒத்துப்போகல, அதுல இருந்ததுதான் சரி. பெரிய ஜிம்மு, மூணு பூல், லாபில பளிங்குன்னு பாத்து மயங்கறதுக்கு முன்னாடி அதுக்கெல்லாம் வருஷா வருஷம் நம்மதான் கட்டணும்னு நினைச்சுக்குங்க.

வீடு முடிவானதும் ஃபார்ம் எஃப் சைன் பண்ணி 10% தொகைக்கு விக்கறவர் பேர்ல ஒரு செக் குடுக்கணும், அது ட்ரான்ஸ்ஃபர் வரைக்கும் பெரும்பாலும் ப்ரோக்கர் கம்பெனில இருக்கும், நாம பின்வாங்கினா அது போயிடும். அதனால லோன் கடைசியில ரிஜெக்ட் ஆனா, இல்ல பேங்க் வேல்யுவேஷன் குறைவா வந்தா செக் திரும்ப வரணும்னு ஃபார்ம்ல கூடுதல் கண்டிஷனா எழுதச் சொல்லுங்க. ப்ரோக்கர் "அதெல்லாம் வழக்கம் இல்ல மேடம்"னு சொன்னாரு, நாங்க விடல, எழுதித்தான் சைன் போட்டோம். வேல்யுவேஷன் விஷயத்த லேசா எடுத்துக்காதீங்க. நீங்க 10 லட்சத்துக்குப் பேசி பேங்க் ஆள் வந்து பாத்து 9,50,000னு எழுதினா, பேங்க் அந்த ஒன்பதரைக்குத்தான் 80% குடுக்கும், மீதி முழுசும் உங்க கையில இருந்து.

விக்கறவருக்கும் லோன் இருந்துச்சு, இங்க அது சகஜம். அப்போ நடக்கறது என்னன்னா, வீடு நம்ம பேருக்கு மாறறதுக்கு முன்னாடியே நம்ம பேங்க் காசு போய் அவரு லோன அடைக்கணும். கேக்க பயமா இருக்கும், எனக்கு அந்த வாரம் முழுக்க சரியா தூக்கம் இல்ல. ஆனா அதுக்கு ஒரு பாதுகாப்பு வச்சிருக்காங்க, காசு போறதுக்கு முன்னாடி ட்ரஸ்டி ஆஃபீஸ்ல போய் அந்த சொத்த நம்ம பக்கத்துக்கு ப்ளாக் பண்ணிடுவாங்க, அதுக்கப்புறம் விக்கறவர் வேற யாருக்கும் அத மாத்த முடியாது. அவரு பேங்க் லோன முடிச்சு ரிலீஸ் லெட்டர் குடுக்கும், அதுக்கப்புறம் பில்டிங் கட்டின டெவலப்பர்கிட்ட என்ஓசி, அதாவது ஆட்சேபணை இல்லைங்கற லெட்டர், வாங்கணும். சர்வீஸ் சார்ஜ் பாக்கி ஒரு திர்ஹாம் இருந்தாலும் என்ஓசி தர மாட்டாங்க, இது நமக்கு நல்லதுதான், பழைய ஓனரோட பாக்கி நம்ம தலையில விழாது. என்ஓசி ஃபீஸ் டெவலப்பருக்கு டெவலப்பர் மாறும், 500ல இருந்து 5,000 வரைக்கும், யார் கட்டறதுன்னு ஃபார்ம் எஃப்லயே எழுதிடுங்க. எங்களுக்கு ரொம்ப இழுத்தது இந்தக் கட்டம்தான், ரிலீஸ் லெட்டர் எங்க இருக்குன்னு ரெண்டு பேங்கும் ஒருத்தர ஒருத்தர் கை காட்டிட்டு இருந்தாங்க, ப்ரீ அப்ரூவல் தேதி முடியப்போகுதுன்னு நாங்கதான் தினமும் ஃபோன் போட்டு நகத்தினோம்.

இப்போ ரெஜிஸ்ட்ரேஷன். மனசார சொல்றேன், இவ்வளவு நல்லா ஒரு பத்திரப்பதிவு நடக்கும்னு நான் நினைச்சதே இல்ல. நம்ம ஊர்ல அப்பா கூட சார்பதிவாளர் ஆஃபீஸ் வாசல்ல காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தவ நான். இங்க லேண்ட் டிபார்ட்மென்ட் தன் வேலைய ட்ரஸ்டி ஆஃபீஸ்னு தனியார்கிட்ட குடுத்து நடத்துது, ஊர் முழுக்க இருக்கு. அப்பாயின்ட்மென்ட் நேரத்துக்குப் போனோம், டோக்கன் எடுத்தோம், ஒரு கண்ணாடி ரூம்ல வட்ட டேபிள், நாங்க ரெண்டு பேர், விக்கறவர், ரெண்டு பேங்க்ல இருந்தும் ஆளு, ப்ரோக்கருங்க, நடுவுல அந்த ஆஃபீஸ் பொண்ணு. எமிரேட்ஸ் ஐடி, பாஸ்போர்ட் எல்லாம் வாங்கி சிஸ்டத்துல போட்டாங்க. மேனேஜர்ஸ் செக் (பேங்க்கே எழுதித் தர்ற செக்) ஒவ்வொண்ணையும் எடுத்து பேரு, தொகை, தேதி மூணையும் விரல் வச்சு சத்தமா படிச்சாங்க, விக்கறவர் தலையாட்டினதும் அடுத்தது. அப்புறம் ஸ்க்ரீன எங்க பக்கம் திருப்பி, "சார், மேடம், உங்க பேரு பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே இருக்கான்னு ஒவ்வொரு எழுத்தா பாருங்க, ஓனர்ஷிப் ஆளுக்குப் பாதிதானே?"ன்னு கேட்டாங்க. இந்தக் கேள்வி எனக்கு ரொம்ப முக்கியம். டவுன் பேமென்ட்ல என் சம்பளமும் இருக்கு, பத்திரத்துல என் பேரும் இருக்கு, 50%. இத ஆரம்பத்துலயே முடிவு பண்ணிடுங்க. அப்புறமா கணவனோ மனைவியோ ஒருத்தர் பேருக்கு மாத்தணும்னா கிஃப்ட்டா 0.125% ஃபீஸ்ல மாத்த வழி இருக்கு, குறைஞ்சபட்சம் 2,000 திர்ஹாம், ஆனா லோன் இருந்தா பேங்க் சம்மதிக்கணும்.

சைன் போட்டு முடிச்சு காபி வர்றதுக்குள்ள ஃபோன்ல மெயில் வந்துடுச்சு, டைட்டில் டீட், அரபிலயும் இங்கிலீஷ்லயும். சதுர அடி, பார்க்கிங் நம்பர், எங்க ரெண்டு பேர் பேரு, பங்கு, விலை, எல்லாம் ஒரே பக்கத்துல. மூலப்பத்திரம், வில்லங்கம், பட்டா பெயர் மாத்தம்னு தனித்தனியா அலைய வேண்டியதே இல்ல. இந்த ஒரு கட்டத்துக்கு பத்துக்குப் பத்து. மாமனாருக்கு அந்த பேப்பர அனுப்பினோம், அவரு ப்ரிண்ட் எடுத்து படிச்சுட்டு, "இவ்வளவுதானா பத்திரம்? சாட்சி கையெழுத்து எங்கம்மா?"ன்னு கேட்டாரு. ரெஜிஸ்டர்ல இருக்கறதுதான் சாட்சி மாமான்னு சொன்னேன்.

ஆஃப் ப்ளான், அதாவது கட்டி முடிக்காத வீட்ட முன்கூட்டியே வாங்கறது, பத்தி கேக்கறவங்களுக்காக கொஞ்சம். நாங்க ரெடி வீடுதான் வாங்கினோம், ஆனா முதல்ல அதையும் பாத்தோம். ஒரு சதவீதம் மாசத்துக்குக் கட்டினா போதும்னு மால்ல ஸ்டால் போட்டுக் கூப்பிடுவாங்க. 2008, 2009ல விலை சரிஞ்சப்போ எத்தனையோ ப்ராஜெக்ட் பாதில நின்னு காசு மாட்டின கதை பழைய ஆளுங்க கிட்ட கேட்டா தெரியும். 2007ல வந்த 8ஆம் நம்பர் சட்டப்படி நீங்க கட்டற காசு அந்த ப்ராஜெக்டுக்குன்னே தனியா வச்சிருக்கற எஸ்க்ரோ அக்கவுன்ட்டுக்குத்தான் போகணும். அதனால செக்கு எஸ்க்ரோ அக்கவுன்ட் பேர்ல தவிர வேற எந்தப் பேர்லயும் எழுதாதீங்க, எவ்வளவு தள்ளுபடி சொன்னாலும் சரி. ஊக்கூட்னு சொல்ற தற்காலிகப் பதிவு உங்க பேர்ல ஆகியிருக்கான்னு பாருங்க, லேண்ட் டிபார்ட்மென்டோட துபாய் ரெஸ்ட் ஆப்ல ப்ராஜெக்ட் எத்தனை சதவீதம் முடிஞ்சிருக்குன்னு பாக்கலாம். லோன் விலைல பாதிக்கு மேல கிடைக்காது. வாடகையும் கட்டிட்டு தவணையும் கட்டற நிலைமை எங்களுக்கு சரிப்படாதுன்னு விட்டோம், சம்பளம் நல்லா இருக்கற, காத்திருக்க முடிஞ்ச ஆளுங்களுக்கு அது சரியா வரலாம்.

விசா பத்தி ஒரு வரி. வீடு வாங்கினா விசா தானா வந்துடும்னு நினைக்காதீங்க, குறைஞ்சது 20 லட்சம் திர்ஹாம் மதிப்பு இருந்தாத்தான் பத்து வருஷ கோல்டன் விசாவுக்கு அப்ளை பண்ணலாம். எங்க வீடு அதுக்குக் கீழ, இவரு வேலை விசாலதான் இருக்கோம். வேலை போனாலும் வீடு போகாது, ஆனா இங்க தங்கறதுக்கு வழி தனியா பாக்கணும்.

சாவி வாங்கினதுக்கு அப்புறம் தேவா (கரண்ட், தண்ணி) கனெக்‌ஷன், ஃபிளாட்டுக்கு 2,000 திர்ஹாம் டெபாசிட், ஆன்லைன்லயே முடிஞ்சது. சில்லர் கம்பெனிக்கு தனி டெபாசிட். பில்டிங் மேனேஜ்மென்ட்ல மூவ் இன் பர்மிட் வாங்காம லாரிய உள்ள விட மாட்டாங்க, அத முன்னாடியே அப்ளை பண்ணிடுங்க.

இந்தியா பக்கம் இருக்கறதையும் சொல்லிடறேன், இத ப்ரோக்கர் சொல்ல மாட்டாரு. இங்க வேலை பாக்கறவங்க இங்க சம்பாதிச்ச காசுல வாங்கினா இந்தியால யாரையும் கேக்க வேண்டியதில்ல. பின்னால ஊருக்கே திரும்பிப் போனாலும், வெளிநாட்டுல இருந்தப்போ வாங்கின சொத்த வச்சுக்கலாம்னு ஃபெமாங்கற அந்நியச் செலாவணிச் சட்டத்துல 6ஆம் பிரிவு சொல்லுது. ஆனா ஊர்ல செட்டில் ஆகி வரி கணக்குல முழு ரெசிடென்ட் ஆனதும் இந்த வீட்ட ரிட்டர்ன்ல வெளிநாட்டு சொத்து ஷெட்யூல்ல காட்டியே ஆகணும், வாடகை வந்தா அதுக்கு அங்க வரி உண்டு. காட்டலனா 2015ல வந்த கறுப்புப் பணச் சட்டத்துல 10 லட்சம் ரூபா அபராதம் இருக்கு, வீடு லோன்ல இருந்தாலும் சரி, பூட்டிக் கிடந்தாலும் சரி. ஊர்ல இருந்துக்கிட்டே இங்க வாங்க நினைக்கறவங்களுக்கு ஒரு ஆளுக்கு ஒரு நிதியாண்டுல 2,50,000 டாலர் வரைக்கும்தான் அனுப்ப முடியும், அதுல 10 லட்சம் ரூபாய்க்கு மேல போற தொகைக்கு பேங்க்லயே 20% டிசிஎஸ்னு முன்கூட்டியே வரி பிடிச்சுடுவாங்க. அது ரிட்டர்ன் போட்டா கழிச்சுக்கலாம்தான், ஆனா அதுவரைக்கும் அவ்வளவு காசு மாட்டிக்கிட்டு இருக்கும். ஆடிட்டர் ஒருத்தர்கிட்ட காசு குடுத்து உக்காந்து பேசிட்டு அப்புறம் இறங்குங்க.

இன்னும் ஒரு வேலை எங்களுக்கு பாக்கி இருக்கு, உயில். எங்கள்ல ஒருத்தருக்கு ஏதாவது ஆச்சுன்னா வீடு யாருக்குப் போகும்ங்கறத நாமளே எழுதி வைக்கலாம், முஸ்லிம் அல்லாதவங்களுக்கு டிஐஎஃப்சில (துபாயோட சர்வதேச நிதி மையம்) 2015ல இருந்து உயில் பதிவு பண்ற இடம் இருக்கு, சின்னப் பசங்களுக்கு கார்டியன் யாருன்னும் அதுல எழுதலாம். ஃபீஸ் கம்மி இல்ல, அதனாலயே நிறைய பேர் தள்ளிப் போட்டுட்டு இருக்காங்க, எனக்குத் தெரிஞ்ச ரெண்டு மூணு குடும்பம் வீடு வாங்கி வருஷக்கணக்காச்சு, இன்னும் எழுதல. உயில் இல்லாம ஒருத்தர் போயிட்டா மீதி இருக்கறவங்க கோர்ட்டுக்குப் போய் பேப்பர் வாங்கற வரைக்கும் விக்கவும் முடியாது, மாத்தவும் முடியாது, இஎம்ஐ மட்டும் மாசாமாசம் வந்துட்டு இருக்கும். வீட்டு பட்ஜெட் போடும்போதே இந்த ஃபீஸையும் சேத்துப் போட்டுடுங்க. நாங்க அடுத்த மாசத்துக்கு அப்பாயின்ட்மென்ட் எடுத்திருக்கோம், கார்டியனா யார போடறதுன்னு எங்க அக்காவும் இவரோட தம்பியும் பேசிட்டு இருக்காங்க, முடிஞ்சதும் அத தனியா எழுதறேன்.